‘மாற்றவில்லை’ என்றாலும் எழுத வேண்டும்

அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு நிலையங்களில் மருந்தாளுநரின் மாதாந்திரச் சரிபார்ப்பு 1974 முதலே கட்டாயம். 2016-ல் விதியை இன்னும் இறுக்கினார்கள். அதன் சாரத்தை, நம்மூர்க் கிளிஞ்சல்மேட்டில் ஓர் ஆயாவின் மஞ்சள் மருந்துப் பையை வைத்துக்கொண்டு, வரிவரியாகப் படித்துப் பார்க்கலாம்.

மாதம் ஒருமுறையாவது ஒவ்வொருவருடைய மருந்துகளையும் மருந்தாளுநர் பார்க்க வேண்டும்.

மருந்துகள் அத்தனையையும் ஒருசேரப் பார்ப்பதுதான் இங்கே முக்கியம். ஆயாவின் பிரஷருக்கு ஒரு டாக்டர் அம்லோடிபின் கொடுத்திருக்கிறார். கால் வீங்கியது, இன்னொருவர் நீர் மாத்திரை எழுதினார். முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் வேறு. தனித்தனியே பார்த்தால் எதிலும் தப்பில்லை. பையைக் கவிழ்த்துப் பரப்பினால்தான் கால் வீக்கமே அம்லோடிபினின் பக்கவிளைவாக இருக்கலாம் என்று தோன்றும். நீர் மாத்திரையோடு வலி மாத்திரை சேர்ந்தால் வயதான சிறுநீரகம் தாங்காமல் போகலாம் என்பதும் உறைக்கும்.

குறை தெரிந்தால் மருத்துவர், மருத்துவ இயக்குநர், தலைமைச் செவிலியர் மூவருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

ஒருவர் மேசையில் தாள் கிடந்துபோனாலும் மற்ற இருவர் கேட்பார்கள்.

மருத்துவர் அதைப் பார்த்ததையும், செய்ததையும் பதிவேட்டில் எழுத வேண்டும், மாற்றவில்லையென்றால் காரணத்தையும்.

விதியின் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது. மருந்தாளுநர் சொன்னபடி செய் என்று டாக்டரை அது கட்டாயப்படுத்தவில்லை. பதில் சொல்லாமல் நழுவ மட்டும் விடவில்லை. பல வருடமாக அல்பிரசோலம் போட்டுத் தூங்குகிறவர் விழுந்துவிடுவார் என்று மருந்தாளுநர் எச்சரிப்பது நியாயம். சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம் என்று டாக்டர் தயங்குவதும் நியாயம். ‘சிறிது சிறிதாகக் குறைக்கிறேன்’ என்று எழுதிவைத்தால் இரவுப் பணிக்கு வரும் நர்ஸுக்கும் விஷயம் புரியும்.

அவசரமானால் யார், எவ்வளவு நேரத்துக்குள், என்ன செய்வது என்று நிலையம் முன்பே வகுத்திருக்க வேண்டும்.

கிளிபென்கிளமைட் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தவருக்கு நடுராத்திரியில் சர்க்கரை இறங்கினால் அடுத்த மாதச் சரிபார்ப்பு வரை காத்திருக்க முடியாது.

நம்மூரில் 2015-ன் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறை, மருந்தாளுநரே நோயாளியிடமோ பராமரிப்பவரிடமோ மருந்தைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறது. பில் போடும் அவசரத்தில் அந்தப் பேச்சு எத்தனை கடைகளில் நடக்கிறது? ஆனாலும் ஆயாவின் மருமகள் ஒரு நோட்டு வாங்கலாம்: இடப்பக்கம் மருந்தாளுநரின் சந்தேகம், வலப்பக்கம் டாக்டரின் பதில். பதில் வரும்வரை நீர் மாத்திரையை வீட்டிலேயே நிறுத்திவிடக் கூடாது. ஆயாவின் இதயம் பலவீனமாக இருப்பதால்கூட அதைக் கொடுத்திருக்கலாம். எழுதிக் கேட்டால்தான் தெரியும்.