9600 பிறந்த கதை

தொண்ணூறுகளின் நடுவில் திருச்சி வட்டாரத்து வங்கிக் கிளைகளுக்குப் போய் டெர்மினல்களைச் சரிபார்ப்பது என் வேலை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறங்குவேன். பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு மல்டிமீட்டர், இரண்டாம் பின்னையும் மூன்றாம் பின்னையும் குறுக்கே மாற்றிச் சால்டர் செய்த ஒரு கேபிள்.

மாதத்தின் முதல் தேதி ஒன்றில், பென்ஷன் வாங்க வந்தவர்களின் வரிசை கிளையின் வாசல்வரை நின்றது. "தம்பி, மெஷின் உசிரை விட்டுடுத்து. எதைத் தட்டினாலும் அசையமாட்டேங்கறது" என்றார் கவுண்டரில் இருந்த அம்மாள். கன்ட்ரோல் விசையோடு க்யூவை அழுத்தினேன். அதுவரை அவர் தட்டியதெல்லாம் திரையில் மடமடவென்று கொட்டியது. "நின்னுதான் இருந்தது மேடம், கன்ட்ரோல் எஸ்-ல கை பட்டிருக்கு" என்றேன். எஸ் நிறுத்தும், க்யூ ஓடவிடும்.

இந்த இரண்டு விசைகளும் பிறந்தபோது திரையே கிடையாது. 1963-ல் வந்த டெலிடைப் மாடல் 33 தாளில் அடிக்கும் இயந்திரம். அதன் ஒரு வகையில் துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் கருவி பக்கத்திலேயே இருக்கும். க்யூ அந்தக் கருவியை ஓடவைக்கும் கட்டளை, எஸ் நிறுத்தும் கட்டளை. காகித நாடா மறைந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தக் கட்டளை ஸ்ரீரங்கத்துப் பென்ஷன் வரிசையை நிறுத்திவைத்தது.

எங்கள் வட்டாரத்துக்கு டெர்மினல்கள் வந்ததில் எங்கள் வட்டாரத்துக்காரர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. அரியலூரில் பிறந்து திருச்சி நேஷனல் கல்லூரியில் படித்த சி. ரங்கராஜன், ரிசர்வ் வங்கியின் துணை கவர்னராக இருந்தபோது அவர் தலைமையிலான குழு 1984-ல் வங்கிகளை இயந்திரமயமாக்குவது பற்றி அறிக்கை கொடுத்தது. 1989-ல் இரண்டாவது அறிக்கை. அதன் பிறகுதான் பேரேடுகள் இருந்த மேசைகளில் ஒவ்வொன்றாகத் திரைகள் ஏறின. பல கிளைகளில் உள்ளறையில் யூனிக்ஸ் ஓடும் ஒரு கணினி, அதிலிருந்து கவுண்டர்களுக்குக் கேபிள். கேபிளின் இரு முனையிலும் நான்கு விவரம் ஒத்துப்போக வேண்டும்: 9600, 8, நன், 1. வேகம், எழுத்துக்கு எத்தனை பிட், பேரிட்டி, ஸ்டாப் பிட்.

இதன் வேர் பிரான்சில் இருக்கிறது. விவசாயி மகனான எமீல் போதோ தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்து, 1874-ல் தன் தந்தி முறைக்குக் காப்புரிமை வாங்கினார். எழுத்துக்கு ஐந்து பிட். பியானோ போல ஐந்து கட்டைகள், இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று. இயந்திரம் 'டிக்' என்று தாளம் கொடுக்கும். அந்த நொடியில் விரல்கள் கட்டைமேல் இருக்க வேண்டும், பிந்தினால் எழுத்து போச்சு. வேகத்தை நாம் 'பாட்' என்று சொல்வது இவர் பெயரின் முன்பாதிதான்.

அப்படி இரு முனையும் ஓயாமல் ஒரே தாளத்தில் ஓடுவது பெரும்பாடு. 1910 வாக்கில் அமெரிக்காவில் சார்ல்ஸ் கிரம், அவர் மகன் ஹோவர்ட் இருவரும் செய்து காட்டிய வழி எனக்கு இன்றும் வியப்பு. மிருதங்கமும் நாதஸ்வரமும் ஒன்றையொன்று பார்க்காமல் தனித்தனி அறையில் வாசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரி முழுக்கத் தாளம் பிசகாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் புதிதாக ஓர் எடுப்பு கொடுத்துவிட்டால்? அதுதான் ஸ்டார்ட் பிட். அடுத்த பத்து அட்சரத்துக்கு மட்டும் காலப்பிரமாணம் ஒத்துப்போனால் போதும், சிறு பிசகு சேர்ந்து பெரிதாகுமுன் அடுத்த எடுப்பு வந்துவிடும். ஸ்டாப் பிட், சுழலும் இரும்பு நின்று மூச்சு வாங்கும் இடம். மாடல் 33-க்கு அப்படி இரண்டு தேவைப்பட்டன. எழுத்துக்குப் பதினொரு பிட், நொடிக்குப் பத்து எழுத்து, ஆக 110 பாட். திரையில் இரும்பு இல்லை, ஒரு ஸ்டாப் பிட்டே மிச்சம்.

தந்திக் காலத்து 75-ஐ ஏழுமுறை இரட்டித்தால் 9600. எழுத்துக்குப் பத்து பிட் என்றால் நொடிக்கு 960 எழுத்து. 80 பத்தி, 24 வரி கொண்ட திரையில் 1920 எழுத்து, சரியாக இரண்டு நொடியில் நிரம்பும். 110 பாட்டில் அதே திரைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல்.

பேரிட்டி என்பது ஒன்றுகளை எண்ணிப் பார்க்கும் காவல். எட்டு பிட்டிலும் சேர்த்து ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி எட்டாவது பிட்டை வைப்பார்கள். வழியில் ஒரு பிட் புரண்டால் தெரிந்துவிடும். ஆங்கிலத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் எட்டாவதைக் காவலுக்கு விட்டதில் அவர்களுக்கு நஷ்டமில்லை. நமக்கு அப்படியல்ல. 1991-ல் இந்தியத் தரமான இஸ்கியில் நம் எழுத்துகளுக்கு இடம் கிடைத்தது எட்டாவது பிட்டை ஏற்றிய மேல்பாதியில்தான். லைனை ஏழு பிட்டில் வைத்தால் அந்த ஒரு பிட் உதிர்ந்துவிடும். 'அ' டாலர் குறியாகும், 'ஆ' சதவீதக் குறியாகும், 'க' எண் 3 ஆகும். எட்டு, நன் என்று வைத்தால்தான் தமிழ் அந்தக் கம்பியில் முழுதாகப் போகும். அதனால் அந்த 'எட்டு' மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

டெர்மினலில் இந்த நான்கு விவரங்களை மாற்ற முன்பெல்லாம் பெட்டியின் அடியிலோ முதுகிலோ இருக்கும் சுவிட்சைத் திருக வேண்டும். 1978-ல் டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷனின் விடி100 அதைத் திரைக்கே கொண்டுவந்தது. 'செட்-அப்' விசையைத் தட்டி ஐந்தை அழுத்தினால் திரையின் அடியில் நான்கு கட்டுகளாக 0, 1 வரிசை. கடைசிக் கட்டில் பேரிட்டி ஒற்றையா இரட்டையா, அது வேண்டுமா வேண்டாமா, ஏழு பிட்டா எட்டா, அதற்கடுத்து மின்சாரம் 60 ஹெர்ட்ஸா, நம் ஊர்போல் 50-ஆ. சேமித்துவிட்டால் கரண்ட் போய் வந்தாலும் மறக்காது. 1983-ல் விடி220 அதையே படித்தவுடன் புரியும் பட்டியலாக்கியது. கணினிப் பக்கத்துக்கு யூனிக்ஸில் 'எஸ்டிடிஒய்' கட்டளை எழுபதுகளின் தொடக்கத்திலேயே இருந்தது. அதன் பெயரில் இருக்கும் 'டிடிஒய்' அதே டெலிடைப்தான்.

எங்களுக்கு இதெல்லாம் நாடி பார்ப்பது போல. திரை முழுக்கக் குப்பை என்றால் வேகம் தப்பு. பாதி எழுத்து சரி, பாதி குப்பை என்றால் பேரிட்டி. தட்டியது இரண்டிரண்டாக வந்தால் எக்கோ. வரிகள் படிக்கட்டாக வலப்பக்கம் இறங்கினால் நியூலைன்.

போன மாதம் தில்லைநகரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். நெட்வொர்க் சுவிட்ச் பொருத்த வந்த பையன் நீலக் கேபிளை லேப்டாப்பில் செருகி, 9600, 8, நன், 1 என்று வைத்தான். திரை முழுக்கக் கேள்விக்குறியும் கட்டமும்.

"முழுக்கக் குப்பை தம்பி. வேகத்தை மாத்திப் பாருங்க."

1,15,200 வைத்தான். லாகின் கேட்டது.