ஐம்பத்தாறும் நாற்பத்தாறும்

சாந்தோம் கடற்கரையில் மாலை நடை முடிந்து மணலில் உட்கார்ந்திருந்தோம். என்னைப் போலவே ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார்: "சார், ஃபிளாப்பி செகண்டுக்கு 46 ஆயிரம். நான் 1999-ல் வாங்கின மோடம் 56 ஆயிரம். அப்போ எது வேகம், நீங்களே சொல்லுங்க!"

எண்கள் இரண்டும் சரி. முடிவுதான் தப்பு.

மோடத்தின் 56 ஆயிரம், பிட் கணக்கு. ஃபிளாப்பியின் 46 ஆயிரம், பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டுப் படி ஒரு மரக்கால் என்று நம் பாட்டிமார் அளந்தார்களே, அதே மாதிரி. நண்பர் படியையும் மரக்காலையும் ஒன்றாக எண்ணிவிட்டார்.

1.44 ஃபிளாப்பி செகண்டுக்கு ஐந்து முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு ஒரு தடம், அதில் 9,216 பைட். ஆக செகண்டுக்கு 46,080 பைட். இரண்டு பக்கமும் சேர்த்து 160 தடங்கள். முழுவதையும் படிக்கக் குறைந்தது 32 செகண்ட். மோடமோ முழு வேகத்தில் ஓடினாலும் 7,000 பைட்தான். அதே ஃபிளாப்பியை அனுப்ப மூன்றரை நிமிஷம் ஆகும். தொலைபேசிக் கம்பியில் முழு வேகத்தை யார் கண்டார்கள்?

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, அலுவலகத்துக்கு முதன்முதலில் வந்த மோடத்தின் கையேட்டைப் பார்த்ததும் ஊர்க்காரரைச் சந்தித்தது போல இருந்தது. வேகம் அளக்கும் 'பாட்' என்ற அலகே எமில் போதோ என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரின் பெயரிலிருந்து வந்தது. மோடத்தின் மேல் 'வி.22 பிஸ்' என்று போட்டிருந்தது. "பிஸ்னா என்னய்யா, பிஸ்கட்டா?" என்றார் சூப்பரின்டெண்டென்ட். பிரெஞ்சுக்காரர்கள் 12-ஆம் எண் வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வீடு முளைத்தால் '12 பிஸ்' என்பார்கள், இரண்டாவது என்று பொருள் என்றேன். அந்த மோடத்தின் குறி செகண்டுக்கு 600 முறை மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் நான்கு பிட். ஆக 600 பாட், 2,400 பிட்.

பாரிஸில் குடியேறிவிட்ட என் அத்தை மகன் அதற்கு முன்பே மினிடெல் பற்றிக் கடிதம் எழுதியிருந்தான். 1982-ல் வந்து 2012 வரை ஓடிய சாதனம் அது. வருவது செகண்டுக்கு 1,200 பிட், போவது 75 பிட். 75 என்பது ஏழரை எழுத்து. அதற்கு மேல் யாரால் தட்டச்சு செய்ய முடியும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்!

நம் ஊரில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது பேச்செல்லாம் 9,600 பிட்தான். பிறகு 28,800, 33,600 என்று ஏறி, 1998-ல் வி.90 வந்து 56 ஆயிரம் ஆனது. அதுவும் நமக்கு வருகிற பக்கம் மட்டும். நாம் அனுப்புவது பழைய 33,600தான்.

ஹார்ட் டிஸ்க்கிலும் இதே கதை. '33 மெகாபைட்' என்று போட்டிருப்பார்கள். அது கேபிளின் கொள்ளளவு. தட்டு அவ்வளவு தராது. மெட்ரோ குழாய் எவ்வளவு பெரிதானாலும் வருகிற தண்ணீர்தானே வரும்?

இவ்வளவு கணக்கும் எனக்கு மனப்பாடமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், மாதக் கடைசியில் குடும்ப ஓய்வூதியப் பட்டியலை வேறு கிளைக்கு அனுப்ப வேண்டும். சுருக்கியும் இரண்டு ஃபிளாப்பி வந்தது. 2,400 பிட் மோடத்தில் ஒரு ஃபிளாப்பிக்கே 1 மணி 42 நிமிஷம். அன்று நல்ல மழை. நாற்பது நிமிஷம் போனபின் லைன் அறுந்தது. எங்களிடம் இருந்த எக்ஸ்மோடம் முறையில், விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அறுந்தது.

பொறுமை போய்விட்டது. பட்டியலை ஃபிளாப்பிகளில் பதிந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். இருபதே நிமிஷம்! என்ன பெருமை எனக்கு. அங்கே போட்டால் இரண்டாவது ஃபிளாப்பி படிக்க மறுத்தது. திரும்பி வந்து புதிதாகப் பதிந்து கொண்டுபோவதற்குள் அங்கே கதவைச் சாத்திவிட்டார்கள். பட்டியல் அன்றைய கட்டில் சேரவில்லை.

ஒன்றாம் தேதி கவுன்டரில் நின்றவர்களில் ஒரு வயதான அம்மா, பையில் பாஸ்புத்தகம், கையில் குடை. "நாலு நாள் கழிச்சு வாங்கம்மா" என்றேன். "வாடகை கொடுக்கணும் தம்பி" என்றார், அவ்வளவுதான். கோபித்திருந்தால்கூடத் தேவலை.

அந்த மந்தமான மோடம் 128 பைட்டுக்கு ஒருமுறை நின்று, சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததை அனுப்பும். நான் கேட்கவில்லை. பதிந்த ஃபிளாப்பியைத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டிய 32 செகண்டை மிச்சம் பிடித்தேன். அந்த அம்மாவுக்கு நாலு நாள் போனது.

இதையெல்லாம் மணலில் விரலால் எழுதிக் காட்டினேன். நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேரனுக்கு போட்டோவெல்லாம் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன் சார், திறந்து பார்க்கலை" என்று எழுந்தார். நானும் கூடவே எழுந்தேன்.