அகிலாண்டேஸ்வரிக்கு முன்

‘சந்திரமுகி’ பற்றி வகுப்பில் பேச்செடுத்தால் மாணவியர் ஜோதிகாவின் கண்களைச் சொல்வார்கள். வடிவேலுவைச் சொல்லிச் சிரிப்பார்கள். அகிலாண்டேஸ்வரியாக வருகிறவர் யார் என்றால், “அந்த வில்லி அம்மா” என்பதோடு நின்றுவிடும். அந்த அம்மா 1976இல் ஒரு பேய்ப்படத்தை இயக்கியவர் என்றால் நம்பத் தயங்குகிறார்கள்.

ஷீலா 1962இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘பாசம்’ படத்தில் அறிமுகமானவர். அதே ஆண்டு ‘பாக்யஜாதகம்’ வழியாக மலையாளத்துக்குப் போனார். 1965இல் ‘செம்மீன்’ கருத்தம்மா. பிரேம் நசீரோடு நூறு படங்களுக்கு மேல் ஜோடி. இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் முதலில் எடுத்துவைப்பார்கள். யாருக்கு எத்தனை முறை ஜோடி என்றுதானே நடிகையின் வரலாறு எழுதப்படுகிறது!

எனக்கு முக்கியமாகப் படுவது ‘யக்ஷகானம்’. மலையாளத்தில் விஜயநிர்மலா ‘கவிதா’வை இயக்கி மூன்றாண்டுகள்தான் ஆகியிருந்தன. மதுவுடன் தானும் நடித்து ஷீலா இதை இயக்கினார். 1978இல் துரை இதைத் தமிழில் ‘ஆயிரம் ஜென்மங்கள்’ ஆக்கினார். மனைவியின் உடலில் கணவனின் பழைய காதலியின் ஆவி புகுந்துகொள்ள, அவளை மீட்கப் போராடும் சகோதரனாக ரஜினிகாந்த். மூலத்தை இயக்கியது ஒரு பெண் என்பது இங்கே வந்ததும் மறைந்துபோயிற்று. 2014இல் ‘அரண்மனை’ இதே கதைதான் என்று நீதிமன்றம் வரை வழக்குப் போனபோதும் பேச்செல்லாம் ‘ஆயிரம் ஜென்மங்கள்’ பற்றித்தான்.

நடுவில் ஷீலா பல ஆண்டுகள் திரையை விட்டு விலகியிருந்தார். 2003இல் சத்யன் அந்திக்காடின் ‘மனசினக்கரெ’ அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. பிள்ளைகளின் கவனிப்புக்கு வெளியே நிற்கும் வசதியான விதவைத் தாய். 2004இல் வந்த ‘அகலெ’ அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைத் தந்தது. அறுபதைத் தாண்டிய பெண்ணுக்கு ஆசையும் கோபமும் தந்திரமும் இருக்கும் என்பதை அந்தப் படங்கள் அறிந்திருந்தன.

2005 ஏப்ரலில் ‘சந்திரமுகி’. பாசிலின் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) படத்தில் இப்படியொரு வில்லி கிடையாது, கே.பி.ஏ.சி. லலிதாவின் பாசுரா வெகுளி. தமிழில் எதற்காக இவர் தேவைப்பட்டார்? ‘மாப்பிள்ளை’யில் ஸ்ரீவித்யா, ‘மன்ன’னில் விஜயசாந்தி, ‘படையப்பா’வில் ரம்யா கிருஷ்ணன் என்று நாயகன் பணியவைக்க வேண்டிய திமிர்பிடித்த பெண்களின் வரிசை ஒன்று இருந்தது. ‘மன்ன’னை இயக்கிய பி.வாசுதான் ‘சந்திரமுகி’யையும் இயக்கினார். மூலக்கதையில் அந்த இடம் இல்லை; எனவே உண்டாக்கினார்கள். ‘ஆயிரம் ஜென்மங்க’ளின் நாயகனுக்கு எதிரே, அதன் மூலத்தை இயக்கியவர் இப்போது அடியாள் வைத்துச் சதி செய்யும் அகிலாண்டேஸ்வரி.

கங்காவுக்காவது ஒரு குழந்தைப் பருவமும் மனநோய்க்கான விளக்கமும் உண்டு. இந்த அம்மாளின் அதிகாரத்துக்கு அப்படி எதுவும் கொடுக்கப்படவில்லை. வயதான பெண் கோபமாக இருக்கிறாள், அவ்வளவுதான் காரணம். ஷீலா அதை விறைப்பான முகத்தோடு குறையில்லாமல் செய்கிறார். அந்தத் திறமைதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

‘மனசினக்கரெ’யில் அவரோடு அறிமுகமான நயன்தாராவும் இதில் துர்காவாக இருக்கிறார். கேரளத்தில் ஒரு படத்தையே தோளில் சுமந்த மூத்தவருக்கும் அங்கே முதலடி வைத்த இளையவருக்கும் வேட்டையபுரம் அரண்மனையில் கிடைத்தது ஒரே வேலை: உண்மையான சந்திரமுகி வெளியே வரும்வரை நம் சந்தேகத்தைத் தாங்கிக்கொண்டு நிற்பது.