கோணமலைக் கோட்டை கைமாறிய கதை

திருகோணமலை நகரிலிருந்து கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் ஒரு கோட்டை வாயிலுக்குள் புகுந்தே செல்லவேண்டும். இறைவனைத் தரிசிக்கச் செல்பவன் ஏன் ஒரு போர்க்கோட்டையைக் கடக்கவேண்டும்? இந்த வினாவுக்கு விடை தேடினால் நான்கு நூற்றாண்டு வரலாறு நம்முன் விரிகின்றது.

கடலுள் நீண்டு கிடக்கும் குன்று அது. அதன் முனையிலே, செங்குத்தான பாறைமீது, கோணேசர் ஆலயம் இருந்தது. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடினார். குன்றின் அடியிலும் நடுவிலும் உச்சியிலுமாக மூன்று கோயில்கள் இருந்தன என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதி வைத்திருக்கின்றார்.

போர்த்துக்கேயத் தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில் அவை இடிக்கப்பட்டன. 1622ஆம் ஆண்டு என்பது வழங்கிவரும் கணக்கு. அடுத்த ஆண்டே குன்றின் கழுத்துப் பகுதியில் கோட்டை எழத் தொடங்கியது. கல்லுக்காக வெகுதூரம் போகவேண்டிய தேவை இருக்கவில்லை. கோயிற்கல்லே கோட்டைக்கல் ஆயிற்று. கோட்டை வாயிலில் இன்றும் காணப்படும் இரட்டைக் கயற்சின்னமும் சிதைந்த தமிழ்ச் சாசனமும் அதற்குச் சாட்சி. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் பிரிப்பர் என முன்கூட்டியே உரைக்கும் பாடல் அதிலே பொறிக்கப்பட்டுள்ளது என்பர்.

இத்தனை பேர் ஏன் இந்தக் குன்றை விரும்பினர்? விடை துறைமுகத்தில் இருக்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சென்னைக் கரையோரம் கப்பல்கள் ஒதுங்கி நிற்க இடமில்லை. புயலில் அகப்படாதிருக்க அவை பம்பாய்வரை ஓடவேண்டும். இல்லையேல் திருகோணமலைக்கு வரவேண்டும். வங்கக் கடலை ஆள விரும்பியவனுக்கு இந்தத் துறை வேண்டும். துறையைக் காக்கக் கோட்டை வேண்டும்.

ஆதலால் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. 1639இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு உறவு பூண்ட ஒல்லாந்தர் அதைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தனர். பின்னர் அது கண்டி மன்னனிடம் சென்றது. 1660களில் ஒல்லாந்தர் மீண்டும் வந்து கோட்டையைப் புதுக்கினர். 1672இல் பிரெஞ்சுத் தளபதி தெ லா ஹே வந்திறங்கினான். அவனுடைய ஆட்சி சில மாதங்களுக்கு மேல் நிலைக்கவில்லை.

1782ஆம் ஆண்டோ விசித்திரமானது. சனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸ் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார். ஓகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அதை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். ஓராண்டுக்குள் மூன்று கொடிகள்! அதன்பின் ஐரோப்பாவிலே சமாதானம் பேசப்பட்டது. கோட்டை மறுபடி ஒல்லாந்தரிடம் சேர்ந்தது.

1795 ஓகஸ்டில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். 1802இல் பிரான்சு நாட்டு அமியான் நகரில் கைச்சாத்தான உடன்படிக்கை அவர்களது உடைமையை உறுதிசெய்தது. அடுத்த ஆண்டு, அரசகுமாரர் ஒருவரின் பெயரால், அது 'பிரெட்றிக் கோட்டை' ஆயிற்று. பின்னாளில் வெலிங்டன் பிரபு எனப் புகழ்பெற்ற ஆதர் வெல்லெஸ்லி தங்கிய வீடும் அதனுள்ளே இருக்கின்றது. 1948இல் நாடு சுதந்திரம் பெற்றபின்னும் துறைமுகத்திலே பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்தது. 1957இலேதான் அது கையளிக்கப்பட்டது. கோட்டை நம் நாட்டு இராணுவத்தின் முகாமாயிற்று.

நேயர்களே, இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். கோட்டையின் உரிமை பெரும்பாலும் தொலைதூரத்து மேசைகளிலே தீர்மானிக்கப்பட்டது. அந்த மேசைகளில் திருகோணமலை மக்களில் எவரும் அமர்ந்திருக்கவில்லை. கோட்டையை ஆண்டவர்களின் பெயர்களை ஆவணங்கள் சொல்கின்றன. இழந்தவர்கள் என்ன வைத்திருந்தார்கள் என்பதை அறிய நாம் இலக்கியத்திடமே போகவேண்டும்.

தெட்சிண கைலாச புராணம் தலத்தின் பெருமையைப் பேணியது. கவிராச வரோதயன் பாடிய கோணேசர் கல்வெட்டோ, கோயிலில் யார் யாருக்கு என்ன தொழும்பு, என்ன உரிமை என்ற ஒழுங்கையே பாட்டாக்கி வைத்தது. பெயர்தான் கல்வெட்டு, இருப்பது ஏட்டில். கல்லைப் பெயர்த்துச் சுவராக்கலாம். மனனஞ் செய்த பாட்டை அவ்வாறு செய்ய இயலாது. கோயிலின் திருவுருவங்கள் சில தம்பலகாமத்திலே காக்கப்பட்டன என்றும் மரபு கூறுகின்றது.

மண்ணும் தன் பங்கைத் திருப்பித் தந்தது. 1950இல் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளாக்கும் அவருடைய தோழர்களும் குன்றடியில் கடலுள் மூழ்கி, கோயிற் சிதைவுகளைக் கண்டனர். 1963இல் புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது.

இன்று அந்த வாயிலினூடே செல்பவர்கள் ஒரு கணம் நின்று அந்தக் கயல்களைப் பார்க்கவேண்டும். கோட்டைக்கு உடையவர்கள் பலர் வந்தார்கள், போனார்கள். அந்தக் கல்லைச் செதுக்கியவனின் பெயரை எந்த உடன்படிக்கையும் எழுதவில்லை. ஆனாலும் கல் எங்கிருந்து வந்தது என்பதை அவனுடைய உளிதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கின்றது.