அப்பலாச்சியப் பழம்பாணி பாஞ்சோ இசை

அப்பலாச்சியப் பழம்பாணி பாஞ்சோ இசை, அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்கேயுள்ள அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதியில் வளர்ந்த நாட்டார் இசை மரபு. மேற்கு விர்ஜீனியா, தென்மேற்கு விர்ஜீனியா, கிழக்குக் கென்டக்கி, கிழக்கு டென்னசி, மேற்கு வட கரோலினா ஆகியவை இதன் முதன்மையான வட்டாரங்கள். ஐந்து தந்திப் பாஞ்சோவைத் தனித்தோ பிடிலுடன் சேர்த்தோ வாசிப்பதும், வாசித்துக்கொண்டே பாடுவதும் இம்மரபில் அடங்கும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் கருவியும் கைப்பழக்கமும், பிரித்தானியத் தீவுகளிலிருந்து குடியேறியோரின் கதைப்பாடல்களும் பிடில் மெட்டுகளும் கலந்து இது உருவானது. இந்தியாவில் பாஞ்சோ என்றும் அழைக்கப்படும், பொத்தான்கள் கொண்ட புல்புல் தாரா வேறு கருவி.

கருவி

வட்டமான மரச்சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய தோல், நீண்ட தண்டி, தோலின்மேல் நிற்கும் குதிரை ஆகியவை பாஞ்சோவின் முக்கிய உறுப்புகள். தோலிலிருந்து எழும் ஒலி சட்டென ஓங்கிச் சட்டென அடங்கும். நீண்ட கார்வை நிற்காததால் வாசிப்பில் தாளமே முன்நிற்கிறது. பழம்பாணிப் பாஞ்சோவின் பின்புறம் பெரும்பாலும் மூடப்படாமல் இருக்கும்.

நான்கு தந்திகள் தண்டியின் முழு நீளத்துக்கும் செல்லும். ஐந்தாவது தந்தி மட்டும் குட்டையானது. தண்டியின் பக்கவாட்டில் தனியாக உள்ள பிரடையில் அது முடிகிறது. கட்டைவிரல் பக்கம் இருந்தாலும் சுருதியில் உயர்ந்தது அதுவே. பெரும்பாலும் இடக்கை அதைத் தொடுவதில்லை. ஒரே சுரமாக இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும்.

மலைப்பகுதி மக்கள் தங்கள் பாஞ்சோக்களைத் தாங்களே செய்துகொண்டதும் உண்டு. வட கரோலினாவின் பீச் மவுண்டன் வட்டாரத்தில், தண்டியில் உலோகப் பட்டிகள் பதிக்காத பாஞ்சோக்களுக்குக் கிரவுண்ட்ஹாக் என்னும் கொறிவிலங்கின் தோலையோ பூனைத் தோலையோ பயன்படுத்தினர். இவ்வகைக் கருவிகளைச் செய்து வாசித்தவர்களுள் ஃபிராங்க் புராஃபிட் (1913–1965) புகழ்பெற்றவர்.

தோற்றமும் பரவலும்

மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கை மீது தோல் போர்த்திய தந்திக் கருவிகள் பல உள்ளன. செனகல், காம்பியா பகுதியின் ஜோலா மக்களது அகோன்டிங்கில் குட்டைத் தந்தி உண்டு. அதை வாசிக்கும் முறையும் அப்பலாச்சிய வாசிப்பைப் பெரிதும் ஒத்திருக்கிறது. 1680களின் இறுதியில் ஜமைக்காவில் அடிமைகளிடம் கண்ட இத்தகைய கருவிகளை ஹான்ஸ் ஸ்லோன் 1707இல் வெளியான தம் நூலில் படத்துடன் குறித்தார். தென் கரோலினாவில் ஏறத்தாழ 1785–90இல் ஜான் ரோஸ் தீட்டிய ஓவியத்தில், ஒரு தந்தி மட்டும் குட்டையான நான்கு தந்திப் பாஞ்சோ தெளிவாகத் தெரிகிறது. ஆகவே, விர்ஜீனியாவின் ஜோயல் சுவீனி (1810–1860) குட்டைத் தந்தியைக் கண்டுபிடித்தார் என்று நெடுங்காலம் நிலவிய கூற்று ஏற்கத்தக்கதன்று. கறுப்பின இசைஞரிடம் கற்று அக்கருவியை வெள்ளையர் மேடைகளில் புகழ்பெறச் செய்தவர் அவர்.

கறுப்பினத்தவரைக் கேலி செய்து 1840கள் முதல் ஊர் ஊராக நடந்த மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சிகள், உள்நாட்டுப் போர், மலைகளைக் குடைந்து இருப்புப்பாதை அமைக்க வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் எனப் பல வழிகளில் பாஞ்சோ மலைநாட்டுக்குள் பரவியது.

வாசிப்பு முறை

இம்மரபின் தலையாய முறை கிளாஹாமர். வலக்கை விரல்கள் மடங்கிய நிலையில் கை கீழ்நோக்கி இறங்க, சுட்டுவிரல் அல்லது நடுவிரல் நகத்தின் வெளிப்புறம் தந்தியைத் தட்டும். முதல் தட்டில் மெட்டுக்குரிய சுரம், அடுத்து மற்றத் தந்திகளின்மேல் ஒரு வருடல், உடனே கட்டைவிரலால் குட்டைத் தந்தியில் ஒரு மீட்டல் என்பதே அடிப்படை நடை. கட்டைவிரல் உள்தந்திகளுக்கும் இறங்கி இடைச் சுரங்களை எடுக்கும் உத்தி, தேர்ந்த வாசிப்புக்கு அடையாளம். வட கரோலினாவின் ரவுண்ட் பீக் வட்டாரப் பாணியில் பட்டியில்லாத தண்டியின்மேல் விரலை வழுக்கி இழைக்கும் நெளிவுகள் சிறப்பு. இரு விரல், மூவிரல்களால் தந்தியை மேல்நோக்கி மீட்டும் முறைகளும் பழம்பாணியில் உண்டு.

1945இன் இறுதியில், புளூகிராஸ் இசையின் முன்னோடியான பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த பாஞ்சோக் கலைஞர் எர்ல் ஸ்க்ரக்ஸ் புகழ்பெறச் செய்த புளூகிராஸ் மூவிரல் பாணி இதனின்று வேறானது. புளூகிராஸில் ஒவ்வொருவராகத் தனி வாசிப்பில் திறமை காட்டுவர். பழம்பாணியில் பிடிலும் பாஞ்சோவும் ஒரே மெட்டை ஆட்டத்துக்கு ஏற்பத் திரும்பத் திரும்பச் சேர்ந்தே வாசிக்கும்.

சுருதி அமைப்பு

பாட்டுக்குத் தக்கபடி தந்திகளின் சுருதியை மாற்றிக்கொள்வது வழக்கம். ஐந்தாம் தந்தியில் தொடங்கி முதல் தந்தி வரை சொன்னால், பரவலான அமைப்பு ச, ப, ச, க, ப. இதில் க அந்தர காந்தாரம். இரண்டாம் தந்தியை மத்தியமத்துக்கு உயர்த்தினால் ச, ப, ச, ம, ப ஆகும். ‘சாமில்’ எனப்படும் இவ்வமைப்பில் காந்தாரம் இல்லாததால், சோகக் கதைப்பாடல்களுக்குரிய வெறிச்சோடிய ஒலி கிடைக்கிறது. பிடில் மெட்டுகளுக்குப் பெரிதும் பயன்படும் ‘டபுள் சி’ அமைப்பு ப, ச, ப, ச, ரி.

பாடும் முறை

பாடகர் உயர்ந்த சுருதியில், குரலை நடுங்கவிடாமல் நேராகப் பாடுவார். பாஞ்சோ பெரும்பாலும் பாட்டின் மெட்டையே உடன்வாசிக்கும். அடிகளுக்கு நடுவே கருவி மட்டும் ஒலிக்கும். ஒரு பாட்டின் அடிகள் வேறொரு பாட்டுக்குள் புகுவது இயல்பு. கொலை, பிரிவு, சுரங்க வேலை, சூதாட்டம், பக்தி எனப் பொருள் விரியும். துணைக்கருவியின்றிப் பாடப்பட்ட பழைய ஆங்கில, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்களும், இருப்புப்பாதைத் தொழிலாளியைப் பற்றிய ‘ஜான் ஹென்றி’ போன்ற கறுப்பினப் பாடல்களும் பாஞ்சோவில் ஏறின.

பதிவுகளும் கலைஞர்களும்

1924இல் சமாந்தா பம்கார்னர், ஈவா டேவிஸ் என்ற இரு பெண்கள் கொலம்பியா நிறுவனத்துக்காக வாசித்தவை இம்மரபின் தொடக்ககால இசைத்தட்டுகள். 1927இல் விர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளி டாக் பாக்ஸ் (1898–1971) புளூஸ் சாயல் கொண்ட பாடல்களைப் பதிவு செய்தார். கிளாரன்ஸ் ஆஷ்லியின் ‘கூ கூ பேர்ட்’ 1929இல் பதிவானது. இசைத்தட்டு நிறுவனங்கள் வெள்ளையர் இசையையும் கறுப்பினத்தவர் இசையையும் தனித்தனி வரிசைகளாக விற்றன. கறுப்பினப் பாஞ்சோக் கலைஞர்களுக்கு இரண்டிலும் இடம் அரிதானது. இது மலைநாட்டு வெள்ளையரின் இசை மட்டுமே என்ற தவறான எண்ணம் வலுப்பெற இதுவும் காரணம்.

மறுமலர்ச்சி

ஹாரி ஸ்மித் 1952இல் தொகுத்த பழைய பதிவுகளும், 1958இல் தோன்றிய நியூ லாஸ்ட் சிட்டி ராம்ப்ளர்ஸ் குழுவும் நகர இளைஞரை இவ்விசையின் பக்கம் ஈர்த்தன. அக்குழுவின் மைக் சீகர் 1963இல் டாக் பாக்ஸைத் தேடிக் கண்டு மீண்டும் மேடையேற்றினார். ரவுண்ட் பீக் பாணியின் டாமி ஜாரல் (1901–1985), வீடு தேடி வந்தவர்களுக்கெல்லாம் கற்பித்தார். 1982இல் தேசிய மரபுரிமை விருது பெற்றார்.

2005இல் வட கரோலினாவின் பூன் நகரில் கூடிய கறுப்பினப் பாஞ்சோக் கலைஞர் மாநாடு ஒரு திருப்புமுனை. அதையொட்டித் தோன்றிய கரோலினா சாக்லெட் டிராப்ஸ் குழுவினர், மூத்த கறுப்பினப் பிடில் கலைஞர் ஜோ தாம்ப்சனிடம் பயின்றனர். 2010இல் வெளியான அவர்களது இசைத்தொகுப்பு கிராமி விருது பெற்றது.

விர்ஜீனியாவின் கேலக்ஸ் நகரில் 1935இல் தொடங்கிய பிடில் விழாவில் கிளாஹாமர் பாஞ்சோவுக்கும் புளூகிராஸ் பாஞ்சோவுக்கும் தனித்தனிப் போட்டிகள் நடைபெறுகின்றன. மேற்கு விர்ஜீனியாவின் கிளிஃப்டாப்பில் 1990இல் தொடங்கிய அப்பலாச்சியத் தந்தியிசை விழா, கறுப்பின இளைஞருக்காக 1942இல் திறக்கப்பட்ட வாஷிங்டன்–கார்வர் முகாமில் நடைபெறுகிறது.