பரங்கிக்குக் காத்திருந்த பகைவர்கள்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து தெற்கே வந்து, கடற்கரையிலிருந்து சற்றே மேடேறினால் குயிலாப்பாளையத்துச் செம்மண் தொடங்கிவிடுகிறது. 1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் நிறுவப்பட்ட பிறகு பல தேசத்தவரும் வந்து குடியேறிய வட்டாரம் இது. அவர்களுக்கு நெடுங்காலம் முன்னரே இந்தக் கரையில் வேரூன்றிய அயலவர் இருவர் உண்டு: முந்திரியும் பரங்கியும்.

முந்திரி தன் பிறப்பிடத்தைப் பெயரில் காட்டிக்கொள்வதில்லை. பரங்கி அப்படியன்று. 'ஃபிராங்க்' என்னும் ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீக மொழிகளின் வழியே திரிந்து தமிழில் 'பரங்கி' ஆயிற்று. பரங்கிப்பேட்டையிலும் பரங்கிமலையிலும் வழங்குவது அதே சொல். எனினும் காயின் தாயகம் ஐரோப்பாவன்று, அமெரிக்கக் கண்டம். அதன் இனத்தைச் சேர்ந்த பூசணி விதைகள், ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையுடையவை, மெக்சிகோவின் குகையொன்றில் கிடைத்துள்ளன. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர் திறந்த கடல்வழியில் வந்த பயிருக்குக் கொண்டுவந்தவர் பெயரே நிலைத்தது. கொங்கு நாட்டில் மட்டும் அது அரசாணிக்காய்.

பரங்கி வந்தபோது அதன் பழைய பகைவர்கள் உடன்வரவில்லை. அமெரிக்கத் தோட்டங்களில் கொடியின் தண்டைக் குடையும் புழு இங்கே இல்லை. ஆனால் பீர்க்கும் சுரையும் வெண்பூசணியும் தலைமுறை தலைமுறையாக விளைந்த இந்நாட்டில் அவற்றை உண்டு வாழ்ந்த பூச்சிகள் காத்திருந்தன. செவ்வண்டு இளம் இலைகளைச் சல்லடையாக்கும். அதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும். பழ ஈ பிஞ்சைத் துளைத்து முட்டையிடும். இப்பூச்சிகளுக்கு அயல், உள்ளூர் என்ற பேதமில்லை. பழ ஈயும் பின்னர் கடல் கடந்தது; 1890களில் ஹவாய்த் தீவுகளை அடைந்து அங்குள்ள கொடிகளையும் அழித்தது.

நட்பும் அவ்வாறே. பரங்கிப் பூவையே நம்பி வாழும் அமெரிக்கத் தேனீக்கள் கப்பலேறவில்லை. விடியலில் விரிந்து முற்பகலுக்குள் கூம்பும் அப்பூவில் மகரந்தம் சுமக்கும் வேலையை நம்மூர்த் தேனீக்கள் ஏற்றுக்கொண்டன.

வீட்டுத் தோட்டத்தில் பரங்கி வளர்ப்போர் இவ்வரலாற்றை அறிவது பயனுடையது. பகைவர் பழையவர் என்பதால் தற்காப்பும் பழையதே. பனி உலராத காலையில் இலைமீது அடுப்புச் சாம்பல் தூவுவதும், மந்தமாக இருக்கும் வண்டுகளை அந்நேரத்திலேயே கையால் பொறுக்குவதும் பீர்க்கம் பந்தலுக்குச் செய்தவைதாம். ஈ துளைத்த பிஞ்சுகளைக் கொடியடியில் விட்டுவிடாமல் ஆழப் புதைக்க வேண்டும். கொடியைச் சுற்றி மண்ணைக் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். நஞ்சு தெளித்தே ஆகவேண்டுமெனில் மாலையில் தெளிப்பது நல்லது. காலையில் தெளித்தால் முதலில் மடிவது தேனீதான். தேனீ வராத கொடியில் பெண்பூ காயாகாமல் உதிரும்.

மார்கழியில் வாசற்கோலத்துச் சாண உருண்டையில் செருகப்படுவது பெரும்பாலும் ஆண்பூ. கொடியில் ஆண்பூக்களே மிகுதியாதலால் அதனால் காய் குறைவதில்லை. பெயரில் இன்னும் அயலானாகவே இருக்கும் ஒரு செடியின் மலரைத்தான் மார்கழியின் அடையாளமாக நாம் வாசலில் வைத்து வருகிறோம். அம்மலரில் ஒருவரும் அயலைக் காண்பதில்லை.