பழைய ஜீப் சொல்லும் வரலாறு



வரலாறு என்றவுடன் கோட்டையும் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. கொட்டகையின் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் ஜீப் வண்டி நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் அதுவும் ஒரு வரலாற்று ஆவணமே. இதை உணராமல், இரண்டாம் உலகப்போரைப் பற்றிப் பல ஆண்டுகள் வகுப்பில் பாடம் நடத்தியவன் நான். எனக்கு இதை உணர்த்தியவன் என்னிடம் படித்த மாணவன் ஒருவன்.

அவன் ஒரு சிறிய அலுவலகத்தில் எழுத்தனாக இருப்பவன். மோட்டார்த் தொழில் அறியாதவன். மலைத்தோட்டம் ஒன்றின் கொட்டகையில் நெடுங்காலம் கிடந்த ஜீப் ஒன்றைப் பழைய இரும்பின் விலைக்கு வாங்கி வந்தான். சம்பளத்தில் மாதந்தோறும் மிஞ்சும் சிறு தொகையைக் கொண்டே அதனை ஓடச் செய்வது அவன் எண்ணம். ஒரு நாள் என்னிடம் வந்து, "ஐயா, இது எந்த வண்டி, எந்தப் போரில் ஓடியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. இருவருமாகத் தேடத் தொடங்கினோம். அந்தத் தேட்டத்தின் பயனையே இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

முதலில் ஜீப் பிறந்த கதையைக் கேளுங்கள். 1940-ஆம் ஆண்டு கோடையில் ஜெர்மானியப் படை பிரான்சு நாட்டை வீழ்த்தியது. விரைந்து செல்லும் மோட்டார்ப் படையின் வலிமையை உலகம் கண்டது. அமெரிக்கத் தரைப்படைக்கோ மேடு பள்ளங்களில் ஓடவல்ல சிறு வண்டி ஒன்றும் இல்லை. நான்கு சக்கரங்களும் இயந்திரத்தால் சுழல வேண்டும். எடை 1,300 ராத்தலுக்கு, அதாவது ஏறத்தாழ 590 கிலோவுக்கு, மிகக்கூடாது. முதல் வண்டியை 49 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுடன் 135 நிறுவனங்களுக்கு அழைப்புச் சென்றது. முன்வந்தவை இரண்டே. அவற்றுள் 49 நாட்களில் முடிப்பதாக உறுதி கூறியது, பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் என்னும் ஊரில், திவாலாகும் நிலையில் இருந்த பேன்டம் என்ற சிறிய நிறுவனம்.

அந்நிறுவனம் கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரை அழைத்தது. அவர் இரண்டே நாட்களில் வண்டியின் வரைபடங்களைத் தீட்டினார். 1940 செப்டம்பர் 23 அன்று, கெடு முடிய அரை மணி நேரமே எஞ்சியிருந்தபோது, முதல் வண்டி மேரிலாந்து மாநிலத்தின் ஹோலபர்டு முகாமை அடைந்தது. எடை விதித்த அளவைவிட மிகுந்திருந்தது. ஆயினும் வண்டி எல்லாச் சோதனைகளையும் தாங்கிற்று.

பேன்டத்தின் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இத்தனை சிறிய நிறுவனத்தால் போருக்கு வேண்டிய அளவு வண்டிகளைச் செய்து தர இயலுமா என்று படையினர் ஐயுற்றனர். பேன்டத்தின் வரைபடங்கள் வில்லிஸ், ஃபோர்டு என்னும் இரு பெரிய நிறுவனங்களுக்குக் காட்டப்பட்டன. அவையும் தத்தம் மாதிரிகளைச் செய்தன. வில்லிஸின் இயந்திரம் 60 குதிரைத் திறன் உடையது. மற்ற இரண்டும் 50-ஐ எட்டவில்லை. எடையின் வரம்போ 2,160 ராத்தலாக, அதாவது ஏறத்தாழ 980 கிலோவாக, உயர்த்தப்பட்டது. தலைமைப் பொறியாளர் டெல்மர் ரூஸ் தம் வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் நிறுத்துப் பார்த்து எடையைக் குறைத்தார். போல்ட்டுகளின் மிகை நீளத்தைக்கூட வெட்டினார் என்று கூறுவர். 1941-ஆம் ஆண்டில் பெரிய ஒப்பந்தம் வில்லிஸுக்குக் கிடைத்தது. ஒரே தொழிற்சாலையை நம்பியிருத்தல் ஆகாது என்று, அதே வடிவத்தை ஃபோர்டு நிறுவனமும் செய்ய ஏற்பாடாயிற்று. இரண்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6,00,000-க்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. முதல் வண்டியைக் கொடுத்த பேன்டம் 3,000-க்கும் குறைவான ஜீப்புகளோடு நின்று, இழுவை வண்டிகள் செய்யும் வேலைக்கு மாறியது.

இக்கதையில் நம் எழுத்தனுக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. வில்லிஸ் செய்த உறுப்பு ஃபோர்டு வண்டியில் பொருந்த வேண்டும். ஃபோர்டு செய்தது வில்லிஸில் பொருந்த வேண்டும். போர்க்களத்தில் உடைந்த இரண்டு வண்டிகளிலிருந்து ஓடும் வண்டி ஒன்றை, முன்னாள்வரை உழவனாகவோ கடைக்காரனாகவோ இருந்த சிப்பாய், சில ஸ்பானர்களைக் கொண்டு சேர்த்துவிட வேண்டும். இந்தத் தேவையே ஜீப்பின் உருவத்தை வகுத்தது. நான்கு சிலிண்டர் இயந்திரம். ஏணி போன்ற எளிய சேஸ். வளைவு குறைந்த தட்டையான தகடுகள். 6 வோல்ட்டில் இயங்கும் சிறிய மின்னமைப்பு. முகப்பு மூடியைத் திறந்தால் எல்லா உறுப்புகளும் கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலானவை கைக்கும் எட்டும். அன்று தொழிலறியாத சிப்பாய்க்காகச் செய்த எளிமை, இன்று பொருளும் அனுபவமும் குறைந்த இளைஞனுக்கும் துணை நிற்கிறது.

போர் முடிந்ததும் இவ்வண்டிகள் உலகெங்கும் விலைக்கு வந்தன. பர்மாப் போர்முனைக்கு வந்தவற்றுள் பல நம் நாட்டிலேயே தங்கின. பம்பாயில் மகிந்திரா நிறுவனம் 1947-ஆம் ஆண்டில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அதே ஆண்டில், பிரிட்டனில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஆங்கில்சி தீவில், மோரிஸ் வில்க்ஸ் என்பவர் தம் பண்ணையில் ஒரு பழைய போர் ஜீப்பை வைத்திருந்தார். அவர் ரோவர் மோட்டார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். தேய்ந்த அந்த ஜீப்புக்கு மாற்றாக உள்நாட்டு வண்டி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே தம் நிறுவனமே ஒன்றைச் செய்யலாம் என்று எண்ணினார். முதல் மாதிரி ஜீப்பின் சேஸ் மீதே அமைக்கப்பட்டது. எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்தமையால் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தனர். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது லேண்ட் ரோவர் என்ற பெயருடன் வெளிவந்தது. பழைய வண்டியோடு ஒருவர் பட்ட பாடு ஒரு புதிய வண்டியின் பிறப்புக்கே காரணமாயிற்று.

இனி நம் எழுத்தனின் கொட்டகைக்குத் திரும்புவோம். அவன் என்னிடம் வருவதற்கு முன்பே ஒரு பிழை செய்திருந்தான். வண்டி விரைவில் புதியதாகத் தோன்ற வேண்டும் என்ற ஆவலில், முகப்பு மூடியிலும் உடல் தகட்டிலும் இருந்த பழைய வர்ணத்தை அடியோடு சுரண்டிவிட்டான். அமெரிக்கப் படை தன் ஜீப்புகளின் முகப்பு மூடியில் பதிவு எண்ணைத் தீட்டுவது வழக்கம். அவ்வெண் 20 என்று தொடங்கும். மேலே நான்கு அடுக்கு வர்ணம் பூசியிருந்தாலும், மெல்ல மெல்லத் தேய்த்தால் அடியில் இருக்கும் எண் சில வேளைகளில் வெளிப்படும். இவன் வண்டியில் அத்தகைய எண் இருந்ததா, அது அமெரிக்கப் படையினதா, பிரிட்டிஷ் இந்தியப் படையினதா என்னும் கேள்விக்கு இனி விடையே இல்லை. அரை நாள் அவசரம் எண்பது ஆண்டுச் சான்றை அழித்துவிட்டது. அவன் முகம் வாடியதைக் கண்டு எனக்கும் வருத்தமாயிற்று.

ஆனால் அவனுடைய வறுமை வேறொன்றைக் காத்திருந்தது. புதிய போல்ட்டுகள் வாங்கப் பணமில்லாமையால், கழற்றிய பழைய போல்ட்டுகளை எல்லாம் தகர டப்பாக்களில் போட்டு, மண்ணெண்ணெயில் ஊறவைத்திருந்தான். ஒரு மாலைப்பொழுதில் இருவரும் அவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தோம். ஒரு போல்ட்டின் தலையில் ஓர் எழுத்துத் தெரிந்தது. அடுத்ததிலும் அதே எழுத்து. ஆங்கில எழுத்தாகிய எஃப்! ஃபோர்டு நிறுவனம் தான் செய்த உறுப்புகளில், போல்ட்டுகளில்கூட, அவ்வெழுத்தைப் பொறித்தது.

"ஐயா, அப்படியானால் இது ஃபோர்டு வண்டிதானே?" என்று துள்ளினான்.

"பொறு தம்பி, ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதலாகாது," என்றேன். போர்க்காலப் பட்டறைகளில் உறுப்புகள் மாறி மாறிப் பொருத்தப்பட்டன என்பதை முன்பே கூறினேன். ஆதலால் சேஸைப் பார்த்தோம். முன்புறக் குறுக்குச் சட்டம் வில்லிஸ் வண்டியில் உருண்டையான குழாயாக இருக்கும். ஃபோர்டு வண்டியில் கவிழ்த்து வைத்த வாய்க்காலைப் போன்று இருக்கும். இவனுடையது வாய்க்கால் வடிவம். முகப்புக் கம்பித்தகட்டில் ஒன்பது பிளவுகள் இருந்தன. போருக்குப்பின் பொதுமக்களுக்காகச் செய்த ஜீப்பில் ஏழே இருக்கும். மூன்று சாட்சிகளும் ஒன்றையே கூறின. வண்டி போர்க்காலத்து ஃபோர்டு ஜீப்பே. செல்வர் ஒருவர் வாங்கியிருந்தால், பழைய போல்ட்டுகள் முதல் நாளே குப்பைக்குப் போயிருக்கும். பளபளக்கும் புதியவை வந்திருக்கும். சிக்கனம் இங்கே வரலாற்றின் காவலாக நின்றது.

இது நம் முன்னோர் அறியாத நெறி அன்று. திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட நேர்ந்தபோது, அங்கிருந்த கல்வெட்டுகளை முதலில் படியெடுத்து வைக்குமாறு இராசராச சோழன் ஆணையிட்டான். இராசேந்திர சோழன் காலத்தில் அவை மீண்டும் பொறிக்கப்பட்டன. திருப்பணி செய்வோன் கலைக்கும் முன் படித்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் கருத்து.

உங்களுள் எவரேனும் இத்தகைய வேலையில் இறங்கலாம். அவர்களுக்காகச் சில சொற்கள். முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள், எதையும் சுரண்டாதீர்கள். ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் படம் எடுங்கள். கழற்றியபின் சீட்டுக் கட்டித் தனித்தனி டப்பாவில் இடுங்கள். சேஸில் வெடிப்போ ஓட்டையோ உண்டா என்பதே முதற் சோதனை. அது கெட்டிருந்தால் மற்றவற்றுக்குச் செய்யும் செலவு வீண். அடுத்தது பிரேக், ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டியே முதலில் வேண்டும். பின்னர் இயந்திரம், அதன்பின் மின்கம்பிகள், வர்ணம் எல்லாவற்றுக்கும் கடைசி. வண்டி முழுவதையும் ஒரே சமயத்தில் பிரித்துப் போடுவோர் பலர் அதனை மீண்டும் பூட்டுவதே இல்லை. ஒரு பகுதியைப் பிரித்து, செம்மை செய்து, பூட்டிய பின்னரே அடுத்ததைத் தொடுங்கள்.

சிக்கனம் உயிரோடு விளையாடுவது ஆகாது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசியை ஊதாதீர்கள். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும், ஈரப்படுத்தாமல் தேய்க்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே நுழையாதீர்கள். போர்க்கால ஜீப்பின் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அது காலியாகத் தோன்றினாலும் ஆவி நிறைந்திருக்கும். அதனைக் கழற்றி அப்புறப்படுத்தாமல் அருகில் வெல்டிங் வைப்பது பேராபத்து. வெல்டிங் வேலையைத் தேர்ந்த கைகளிடமே விடுங்கள். அச்செலவு வீண் செலவு அன்று.

முடிவாக, பேன்டம் நிறுவனத்துக்கு என்ன ஆயிற்று என்பதைக் கூறி முடிக்கிறேன். போர் நடக்கும்போதே வில்லிஸ் நிறுவனம், ஜீப்பைப் படைத்தது தானே என்று விளம்பரம் செய்தது. வழக்கு எழுந்தது. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டரசின் வணிக ஆணையம் அவ்வாறு கூறிக்கொள்ளலாகாது என்று தீர்ப்பளித்தது. எனினும் 1950-ஆம் ஆண்டில் ஜீப் என்னும் பெயர் வில்லிஸின் வணிகக் குறியாகவே பதிவாயிற்று. உண்மை பேன்டத்தின் பக்கம் நின்றது. பெயர் வேறிடம் சென்றது. விளம்பரமும் பெயர்ப்பலகையும் உண்மையை மறைக்கக்கூடும். அந்நாளில் சான்றுகளைத் தேடி வைத்தவர்கள் இருந்தமையால்தான் பட்லர் ஊரின் உழைப்பை இன்று நாம் அறிகிறோம்.

என் மாணவனின் வண்டி ஓடுவதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. இன்று அதன் உடலில் புதிய பச்சை வர்ணம் இருக்கிறது. முகப்பு மூடியில் மட்டும் எந்த எண்ணும் இல்லை. பார்ப்பதற்கு அழகாக இருக்குமே என்று நண்பர்கள் பலர் ஒரு படை எண்ணைத் தீட்டச் சொன்னார்கள். அவன் இசையவில்லை. "தெரியாத எண்ணை எழுதுவது பொய்யாகாதா, ஐயா?" என்று கேட்டான். என் நெடிய ஆசிரிய வாழ்வில், வரலாற்றுப் பாடத்தின் பயனை இத்தனை தெளிவாக எந்த விடைத்தாளிலும் நான் கண்டதில்லை.